புரியாத ஓலை

ஏழு நிமிடம்! எண்ணி ஏழே ஏழு நிமிடம்! அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் உணவுக்கூடம் ஒன்றிலே அடுப்புச் சூட்டில் வெந்து, ஆலைத் தொழிலாளர் பசியை ஆற்றி, சீட்டுக் கட்டிச் சிறுகச் சிறுகச் சேர்த்த காசிலே ஒரு தாய் எழுப்பிய வீடு, அவர் கையைவிட்டுக் கழன்று போவதற்குப் போதுமானதாக இருந்த நேரம் அவ்வளவே!

கள்வர் வரவில்லை, கத்தியைக் காட்டவில்லை, கடன்காரர் கதவைத் தட்டவில்லை. கணிப்பொறியின் விசைப்பலகையிலே ஓர் இளைஞரின் விரல்கள் விளையாடின, அச்சுப்பொறி முணுமுணுத்தது, ஆறு தாள்கள் வந்து விழுந்தன. "இங்கே ஒரு கையெழுத்து, அங்கே ஒரு கையெழுத்து" என்றார்கள். அவ்வளவுதான்.

இடம், பூந்தமல்லியில் ஒரு வழக்கறிஞர் அலுவலகம். சென்ற திங்கள் ஒரு சனிக்கிழமை. நம் தெருவிலே குடியிருக்கும் அந்த அம்மையாருக்குத் துணையாக நாம் சென்றிருந்தோம். வயது 63. எழுத்துக் கூட்டிப் படிப்பார். தம் பெயரை எழுதுவார். "வாத்தியார் தம்பி, வக்கீல் ஆபீசுக்குப் போகணும், நீயும் கூட வாப்பா. படிச்ச பிள்ளை பக்கத்திலே இருந்தா எனக்கு ஒரு தெம்பு" என்று அழைத்தார். மகனும் உடன் வந்தான். நல்ல பிள்ளை. ஆவடியிலே வேலை. வீட்டின்மீது மாடி எழுப்ப வங்கிக் கடன் வேண்டும். வீடு தன் பெயரில் இருந்தால் கடன் எளிதிலே கிட்டும் என்று எவரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். தாயும் இசைந்தார். அவர் மனத்திலே இருந்த எண்ணம் ஒன்றே ஒன்று: "நான் இருக்கிற மட்டும் வீடு எனக்கு, எனக்கப்புறம் அவனுக்கு."

அந்த எண்ணத்தை எவரும் கேட்கவில்லை. கணிப்பொறி கேட்ட கேள்விகள் வேறு. ஆவணம் என்ன வகை? செட்டில்மெண்டு. யாருக்கு? மகனுக்கு. சர்வே எண் என்ன? நான்கெல்லை யாது? மூலப்பத்திரத்தின் எண் எது? ஒவ்வொரு கட்டத்திலும் விடை ஏறிற்று. விடைக்கேற்ப வாசகம் தானே வந்து பொருந்திற்று. இன்னும் இரண்டு கேள்விகளும் திரையிலே இருந்தன. எழுதிக் கொடுப்பவர் தம் ஆயுள்காலம்வரை அனுபவிக்கும் உரிமையைத் தமக்கென வைத்துக்கொள்கிறாரா? பெறுபவர் அவரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டா? அவ்விரண்டுக்கும் நேரே 'இல்லை' என்பது முன்கூட்டியே குறிக்கப்பட்டுக் கிடந்தது. இளைஞர் அவற்றைத் தாண்டிச் சென்றார். நாள்தோறும் தாண்டிச் சென்று பழகிய விரல்!

தாள்களை நாம் வாங்கி உரக்கப் படித்தோம். "சர்வ சுதந்திர பாத்தியதைகளுடன்", "தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்", "புத்திர பௌத்திர பாரம்பரியமாய்" என்று வரி வரியாய் வளர்ந்தது வாசகம். அம்மையார் தலையாட்டிக்கொண்டிருந்தார்; ஐயர் ஓதும் மந்திரத்துக்குத் தலையாட்டுவோர் ஆட்டுவது போலவே ஆட்டிக்கொண்டிருந்தார். "புரிகிறதா அம்மா?" என்றோம். "வக்கீல் எழுதினா சரியாத்தானே தம்பி இருக்கும்" என்றார்.

பிறகு அதனைத் தமிழாக்கினோம். ஆம் தோழர்களே, தமிழிலே எழுதப்பட்ட ஆவணத்தைத் தமிழாக்க வேண்டியிருந்தது! "அம்மா, இன்றே வீடு உங்கள் மகனுடையதாகிறது. நாளை அவன் விற்கலாம், அடகு வைக்கலாம். உங்களைக் கேட்க வேண்டியதில்லை. வேண்டாம் என்று நீங்களாக இதை ரத்து செய்ய முடியாது. நீங்கள் அந்த வீட்டிலே இருப்பது இனி அவன் மனம் வைத்தால்தான்" என்றோம்.

நீட்டிய கை பின்வாங்கிற்று. தாய் மகனைப் பார்த்தார். மகன் நம்மைப் பார்த்தான். "அப்படியா சார் எழுதியிருக்கு? எனக்கே தெரியாதே!" என்றான். அவன் திகைப்பிலே பொய் இல்லை.

அலுவலகம் விட்டு வந்த பின்னரும் நம்மை விடாது பற்றிக்கொண்டது அந்தத் திகைப்புதான். தாய் அவ்வாறு எண்ணவில்லை, மகன் எண்ணவில்லை, விசையைத் தட்டிய இளைஞருக்கு இவர்கள்மீது பகை இல்லை, வழக்கறிஞர் அந்தத் தாள்களை அதுவரை பார்க்கவே இல்லை. நால்வரில் ஒருவரும் எண்ணாத ஒன்று தாளிலே எழுதப்பட்டிருந்தது. கையெழுத்து விழுந்திருந்தால், அது நால்வரையும் கட்டியிருக்கும்! எவருடைய எண்ணமும் அல்லாத ஒன்று, எல்லோரையும் கட்டும் வாக்காவது எங்ஙனம்? புரியாமல் இட்ட கையெழுத்து ஒப்புதல் ஆகுமா? இதுவே நாம் எழுப்பும் கேள்வி. சட்டக் கேள்வி என்பதைவிட அறக்கேள்வி என்பதே பொருந்தும்.

'பொறி வந்தது, அறம் போயிற்று' என்று ஒப்பாரி வைக்க நாம் வரவில்லை. பகுத்தறிவாளர் பொறியைப் பழிப்பதில்லை. பழைய முறையை எண்ணிப் பாருங்கள். அம்பத்தூரிலோ, ஆவடியிலோ, பூந்தமல்லியிலோ சார்பதிவாளர் அலுவலகத்தை அடுத்த தெருவிலே மேசை போட்டு அமர்ந்திருப்பார் பத்திர எழுத்தர். ஊருக்கு எழுத்தறிவு இல்லை, அவருக்கு உண்டு. ஊருக்குச் சட்டம் தெரியாது. அவருக்கு வாசகம் தெரியும். நல்லவர் பலர் இருந்தனர். 'இது வேண்டாம் தாயே, உயில் எழுது' என்று அறிவுரை கூறி அனுப்பியவரும் உண்டு. ஆனால், எழுத்து சிலர் கையிலே சிறைப்பட்டிருந்தால், அவர் நல்லவராக இருக்கும் வரைதான் நமக்கு நலம்! அறிவு எவருடைய தனியுடைமையாகவும் இருத்தலாகாது என்று பேசிவரும் நாம், ஆவணம் எழுதும் அறிவு மட்டும் ஒரு மேசைக்குள்ளே பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்று கூறுவோமா?

2000ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டுப் பதிவுத்துறை 'ஸ்டார்' என்ற திட்டத்தின் வழியே கணினியை ஏற்றது. 2018 பிப்ரவரியிலே 'ஸ்டார் 2.0' நடைமுறைக்கு வந்தது. மாதிரி ஆவணங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. எழுத்தறிந்த எவரும் தம் ஆவணத்தைத் தாமே உருவாக்கிக்கொள்ளலாம் என்ற வழி திறந்தது. வழக்கறிஞர் அலுவலகங்களிலே வாடகை ஒப்பந்தம் முதல் வழக்குரை வரையில் வார்த்துத் தரும் மென்பொருள்கள் வந்துவிட்டன. பத்து முறை தட்டச்சு செய்த துன்பம் தொலைந்தது. ஒரு பக்கத்திலே ஒரு பெயரும் மறுபக்கத்திலே மறுபெயரும் வரும் பிழை குறைந்தது. இவை யாவும் வரவேற்கத்தக்கவை. வாழ்க பொறி! வளர்க அறிவியல்! இதிலே நமக்கு ஐயமில்லை.

ஐயம் வேறிடத்திலே. பொறி எதனை விரைவாக்கிற்று? எழுதுவதை. எதனை விரைவாக்கவில்லை? புரிந்துகொள்வதை. எழுதுவது ஏழு நிமிடமாகக் குறைந்தது. புரிந்துகொள்ள வேண்டிய நேரமோ அன்றும் இன்றும் ஒன்றுதான். 63 வயதுத் தாயின் நெஞ்சிலே ஒரு கருத்துச் சென்று தங்குவதற்கு எந்த மென்பொருளும் குறுக்குவழி கண்டுபிடிக்கவில்லை. எனினும் நாம் செய்வதென்ன? எழுதும் நேரத்தோடு சேர்த்துப் புரிந்துகொள்ளும் நேரத்தையும் வெட்டி எறிந்துவிட்டு, 'முன்னேற்றம்' என்று முழங்குகிறோம்!

இன்னொன்றையும் காணுங்கள். பொறி புதியது, அது கக்கும் மொழி பழையது! பாட்டன் காலத்துப் பத்திரத்திலே இருந்த "ஆசந்திரார்க்கம்" அழிந்துபோயிற்றென எண்ணியிருந்தோம்; மாதிரிப் படிவத்திலே ஏறிக்கொண்டு, மின்சாரத்தின் துணையோடு மறுபிறப்பு எடுத்து வந்துவிட்டது. மறுபிறவி இல்லை என்று மேடைதோறும் பேசுகிறோம்; பத்திர வாசகத்துக்கு மட்டும் உண்டு போலும்! கையால் எழுதிய காலத்திலே, களைத்த கை ஒரு சொல்லையாவது விட்டுவிடும். பொறிக்குக் களைப்பு ஏது? புரியாத சொல்லை ஓராயிரம் முறை, ஓர் எழுத்தும் பிசகாமல், திருப்பித் தரும்.

ஓலை என்றதும் நினைவுக்கு வருவது பெரியபுராணத்துக் கதை. நம்பியாரூரரின் திருமணப் பந்தலிலே முதியவர் ஒருவர் வந்து நிற்கிறார். 'உன் பாட்டன் எனக்கு அடிமை ஓலை எழுதிக் கொடுத்தான். ஆகவே நீ என் அடிமை' என்கிறார். மணமகன் ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. முதியவர் மூல ஓலையை எடுத்துக் காட்டுகிறார். அவையோர் பாட்டனின் வேறோர் எழுத்தை வருவித்து ஒப்பு நோக்குகின்றனர். எழுத்து ஒத்திருக்கிறது, தீர்ப்புக் கிடைக்கிறது, பேரன் அடிமை!

பக்தர் இதனை அருட்செயல் என்று உருகிப் படிக்கட்டும். நாம் கேட்பது அந்த அவையினரை! எழுத்து உண்மையா என்று ஆராய்ந்தீர்களே, பெரியோர்களே. பிறவாத பேரனுக்காகப் பாட்டன் வாக்குக் கொடுக்க முடியுமா என்று ஆராய்ந்தீர்களா? அவன் அறியாத ஓலை, அவன் இசையாத ஓலை, அவனைக் கட்டுமா என்று ஒருவரேனும் வாய் திறந்தீர்களா? கையெழுத்தைப் பார்த்தது அவை, கருத்தைப் பார்க்கவில்லை. இன்றும் அதே கதை. விரல்ரேகை பதிகிறது, நிழற்படம் எடுக்கப்படுகிறது, ஆதார் எண் சரிபார்க்கப்படுகிறது. 'இவர் இன்னார்தான்' என்று மெய்ப்பிக்கக் கருவிகள் குவிந்துவிட்டன. 'இன்னார்க்கு இது புரிந்தது' என்று மெய்ப்பிக்க ஒரு கருவியும் இல்லை.

சட்டம் என்ன கூறுகிறது? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 13ஆம் பிரிவிலே, இசைவு என்றால் யாது என்று இலக்கணம் வகுக்கிறது: இருவர் ஒரே பொருளை ஒரே கருத்தில் ஏற்பதே இசைவு. ஒரே கருத்தில்! எவ்வளவு அழகிய இலக்கணம்! பூந்தமல்லி அலுவலகத்திலே தாயின் கருத்து ஒன்று, தாளின் கருத்து வேறொன்று. அங்கே இசைவு எங்கே இருந்தது?

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமோ, 19ஆம் பிரிவிலே மற்றொன்று சொல்கிறது. பதிவு அலுவலருக்குப் புரியாததும், அந்த மாவட்டத்திலே வழக்கில் இல்லாததுமான மொழியில் ஆவணம் வந்தால், மொழிபெயர்ப்பும் படியும் இல்லாமல் அவர் அதனைப் பதிவு செய்தலாகாது. நல்ல ஏற்பாடுதான். அலுவலருக்குப் புரிய வேண்டும் என்று சட்டம் கவலைப்படுகிறது. அன்புகூர்ந்து சொல்லுங்கள்: வீட்டை இழப்பவர் அலுவலரா, அம்மையாரா? சொத்துக்கு உரியவருக்குப் புரிகிறதா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லையே! முக்காட்டு மறைவிலே வாழ்ந்த பெண்களிடம் எழுதி வாங்கிய ஆவணங்களிலே, 'படித்துக் காட்டப்பட்டது, அவர் பொருளறிந்து ஒப்பினார்' என்று மெய்ப்பிக்கும் பொறுப்பைப் பயன் பெற்றவர்மீதே வெள்ளையர் காலத்துப் பிரிவி கவுன்சில் சுமத்திற்று. எழுத்தறியாதவர்க்கும் அந்தக் காப்பை நம் நீதிமன்றங்கள் விரித்தன. ஆனால் அது வழக்கு மூண்ட பின்னர் கிடைக்கும் காப்பு. வீடு போன பின்னர் பூட்டு வாங்கிக் கொடுப்பது போன்றது.

முன்னரே கேட்கும் சட்டம் ஒன்றும் இல்லையா? உண்டு, அதுவும் நம் நாட்டிலேயே உண்டு! 1967இல் அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது நிறைவேறிய இந்துத் திருமணத் திருத்தச் சட்டம், 7-ஏ பிரிவிலே, சுயமரியாதைத் திருமணத்துக்கு வகுத்த முறை என்ன? மணமக்கள் இருவரும், தாங்கள் புரிந்துகொள்ளும் ஏதேனும் ஒரு மொழியிலே, ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவித்தாலே போதும். புரிந்துகொள்ளும் மொழி! வாழ்க்கை ஒப்பந்தத்துக்கு வாயிற்படியாக அந்த ஒரு சொல்லைச் சட்டம் நிறுத்தி வைத்தது. புரியாத மந்திரத்துக்குத் தலையாட்டி மணம் முடிக்க வேண்டியதில்லை என்று வென்றெடுத்த நாம், புரியாத பத்திரத்துக்குத் தலையாட்டி மனை கொடுக்கலாமா? தாலி கட்டும்போது பொருள் கேட்ட தலைமுறை, கையெழுத்துப் போடும்போது பொருள் கேட்க மறந்தது ஏன்?

'ஒரு தாளுக்காக இவ்வளவு பேச்சா? பார்க்காமல் போட்ட ஒரு கையெழுத்தினால் உலகம் கவிழ்ந்துவிடுமா?' என்று நகைப்போர் உண்டு. கவிழ்ந்த கதையைக் கேளுங்கள். அமெரிக்காவிலே, வீட்டுக் கடன் தவறியோர் வீடுகளைக் கைப்பற்ற நிறுவனங்கள் நீதிமன்றங்களிலே உறுதிமொழி ஆவணங்களைக் குவித்தன. 'நான் கணக்கைப் பார்த்தேன், உண்மை அறிந்தேன்' என்பது அவற்றின் வாசகம். பார்க்கவும் இல்லை, அறியவும் இல்லை! மாதம் ஏறத்தாழ 10,000 ஆவணங்களிலே கையெழுத்திட்டதாக அலுவலர் ஒருவர் ஒப்புக்கொண்டார். 2010இல் இந்த ஊழல் வெளிப்பட்டது. மனிதரைப் பொறியாக்கிய அந்தக் கையெழுத்துக்குப் 'பொறிக் கையெழுத்து' என்றே அங்குள்ளோர் பெயரிட்டனர். 2012 பிப்ரவரியிலே ஐந்து பெரிய வங்கி நிறுவனங்கள் 49 மாநிலங்களோடும் நடுவண் அரசோடும் 2,500 கோடி டாலர் அளவுக்கு உடன்பாடு செய்துகொள்ள நேர்ந்தது. பார்க்காமல் போட்ட கையெழுத்தின் விலை அது!

அடுத்தது, 2023. நியூயார்க்கிலே வழக்கறிஞர் இருவர், விமான நிறுவனம் ஒன்றுக்கு எதிரான வழக்கிலே, செயற்கை நுண்ணறிவுப் பொறி தந்த முன்தீர்ப்புகளை மேற்கோள் காட்டி எழுத்துரை அளித்தனர். நீதிபதி தேடினார், அவ்வழக்குகள் உலகில் எங்குமே நடந்தவை அல்ல! பொறி புனைந்தது, வழக்கறிஞர் படித்துச் சரிபார்க்கவில்லை. 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. கற்றவர், சட்டம் பயின்றவர், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டினர். அவர்களே பொறி தந்த தாளைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றனர் என்றால், எழுத்துக் கூட்டிப் படிக்கும் எம் அம்மையார் எம்மாத்திரம்?

விடுபட்ட ஒரே ஒரு வாசகத்துக்கு எவ்வளவு எடை என்பதையும் பார்ப்போம். முதியோர் பராமரிப்புக்காக 2007ஆம் ஆண்டிலே ஒரு சட்டம் வந்தது. அதன் 23ஆம் பிரிவு, பெற்றோரைப் பேண வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைப் பெற்றவர் பேணத் தவறினால், அந்தச் சொத்து மாற்றத்தைச் செல்லாததாக்கும் வழியைத் தருகிறது. நிபந்தனையோடு என்பதைக் கவனியுங்கள். அந்த நிபந்தனை இருந்தாலன்றி இப்பிரிவின் பயன் கிட்டாது என்று 2022 டிசம்பரில் உச்சநீதிமன்றம் கூறிற்று. முதியோர் நலனுக்கான சட்டத்துக்குத் தாராளமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியிலே மற்றொரு தீர்ப்பில் அதே மன்றம் கூறிற்று. தாராளம் வாழ்க! ஆயினும், தள்ளாத வயதிலே கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்து அந்தத் தாராளத்தைத் தேடுவதைவிட, ஒரே ஒரு வாசகத்தை முதலிலேயே எழுதிவைப்பது எளிதன்றோ? அந்த வாசகம்தான், 'இல்லை' என்று முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்த கட்டம்! ஒரு தாயின் முதுமைக்கும் தெருவுக்கும் இடையே நின்ற சுவர், ஒரு விரல் தாண்டிப்போன அந்தச் சிறு கட்டம்தான்!

நண்பர் சிலர் மறுப்புரைப்பர். "நாளொன்றுக்கு இருபது பேர் வரும் அலுவலகத்திலே, ஒவ்வொருவருக்கும் படித்துக்காட்டிப் பாடம் நடத்த நேரமேது?" என்பர். நேரமா இல்லை? ஒரு நாள் முழுதும் பிடித்த எழுத்து வேலையைப் பொறி ஏழு நிமிடமாக்கிற்று என்று இப்போதுதானே பெருமை பேசினீர்! மிச்சமான நேரம் யாருடையது? அதனை மிச்சப்படுத்திய பொறிக்கு அது தேவையில்லை. கட்டணம் கொடுத்தவர் அம்மையார்; கையெழுத்திடுபவர் அம்மையார்; இழந்தால் இழப்பவரும் அம்மையார். மிச்சமான நேரத்திலே பத்து நிமிடமேனும் அவருக்கு உரிய பங்கு அல்லவா? ஆலையிலே பொறி வந்தபோது, 'விளைவிலே தொழிலாளிக்குப் பங்கு எங்கே?' என்று கேட்டோம். அலுவலகத்திலே பொறி வரும்போது, 'மிச்சத்திலே மக்களுக்குப் பங்கு எங்கே?' என்று கேட்கக் கூடாதா?

வேறு சிலர், "விளக்குவதையும் பொறியிடமே விட்டுவிடலாமே, பேசும் பொறி வந்துவிட்டதே!" என்பர். விளக்கட்டும், நன்றாக விளக்கட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால் விளக்கம் தவறானால், கூண்டிலே ஏறி நின்று விடை சொல்லப் போவது யார்? பழைய ஓலைகளிலே, கல்வெட்டுகளிலே, இறுதியிலே ஒரு வரி வரும்: 'இவை என் எழுத்து' என்று ஒருவர் பெயரிட்டு நிற்பார். நான் எழுதினேன், நான் பொறுப்பு என்று நெஞ்சை நிமிர்த்தி நின்ற வரி அது. மாதிரிப் படிவத்தின் கீழே அவ்வாறு நிற்பவர் எவர்? மென்பொருள் ஆக்கியவர், 'நான் கட்டம்தான் வரைந்தேன்' என்பார். இளைஞர், 'கட்டத்தைத்தான் நிரப்பினேன்' என்பார். வழக்கறிஞர், 'என் அலுவலகத்திலே அச்சாயிற்று, அவ்வளவே' என்பார். எழுதியவர் பலராகும்போது பொறுப்பு எவருடையதும் ஆகாமல் ஆவியாகிவிடுகிறது. பொறிக்கு வேலையைக் கொடுக்கலாம். பொறுப்பைக் கொடுத்திட முடியாது.

ஆசிரியத் தொழிலிலே நாம் கற்ற பாடம் ஒன்றைக் கூற விரும்புகிறோம். வகுப்பிலே பாடம் முடித்து, "புரிந்ததா?" என்று கேட்டால், நாற்பது குரல் ஒன்றாய் ஒலிக்கும், "புரிந்தது சார்!" என்று. அந்த ஒலியை நம்பிய ஆசிரியர் ஏமாந்தார். மனப்பாடம் செய்த மாணவன் வரி பிசகாமல் ஒப்பிப்பான். பொருள் கேட்டால் விழிப்பான். ஆகவே நாம் கையாளும் சோதனை ஒன்றே: "புத்தகத்தை மூடிவை. உன் சொந்தச் சொற்களில் சொல்." சொன்னால் புரிந்தது; சொல்லாவிட்டால் புரியவில்லை. குற்றம் மாணவனுடையது என்றும் கொள்வதில்லை. மறுபடி நடத்துவது நம் கடமை.

அதே சோதனையை ஆவணத்துக்கும் வைப்போம் என்கிறோம். கையெழுத்துக்கு முன்னர், தாளை மூடி வைத்துவிட்டு, எழுதிக் கொடுப்பவர் தம் சொற்களிலே சொல்லட்டும்: எதைக் கொடுக்கிறேன், யாருக்குக் கொடுக்கிறேன், எப்போது முதல் கொடுக்கிறேன், திரும்பப் பெற முடியுமா முடியாதா. அம்பத்தூர்த் தமிழிலே சொல்லட்டும், கொச்சையாகவே சொல்லட்டும், குற்றமில்லை. அந்த நான்கு வரியை ஆவணத்தின் முகப்பிலே அவ்வாறே எழுதட்டும். கேட்டவர் பெயரும் கீழே இருக்கட்டும். 'ஆம், இல்லை' என்ற கட்டங்களிலே முன்கூட்டியே விடையைக் குறித்து வைக்கும் வழக்கம் ஒழியட்டும், கேட்டபின் குறிக்கட்டும். இதற்குப் புதிய அறிவியல் தேவையில்லை. இருக்கிற பொறியே போதும். இருக்க வேண்டியது மனம்.

அன்று நடந்ததன் முடிவையும் கூறிவிடுகிறோம். உள்ளறையிலிருந்து வழக்கறிஞர் வந்தார். செய்தியைக் கேட்டார், சினம் கொள்ளவில்லை, நாற்காலியை அம்மையார் பக்கமாக இழுத்துப் போட்டு அமர்ந்து, "உங்க மனசிலே என்ன இருக்குதும்மா, சொல்லுங்க" என்றார். அம்மையார் சொன்னார். "நான் இருக்கிற மட்டும் எனக்கு, அப்புறம் அவனுக்கு. அவன் என்னைப் பார்த்துக்கணும்." மூன்றே வாசகம். இளைஞர் இரண்டு கட்டங்களிலே விடையை மாற்றினார். பொறி புதிய தாள்களைத் தந்தது. ஆயுள்கால உரிமையும் வந்து பொருந்திற்று, பராமரிப்பு நிபந்தனையும் வந்து பொருந்திற்று. திருத்தம் செய்ய ஆன நேரம் நான்கு நிமிடம்! பொறி குற்றமற்றது, தோழர்களே. கேட்டிருந்தால் முதலிலேயே கொடுத்திருக்கும். கேட்கத்தான் ஆளில்லை.

மகனுக்கு முகம் சிறுத்ததா என்று பார்த்தோம். இல்லை. "இப்படியே இருக்கட்டும் சார். கடனுக்கு பாங்குலே என்ன சொல்றாங்களோ பார்த்துக்கலாம்" என்றான். வெளியே வந்ததும் அம்மையார், "வாத்தியார் தம்பி, இன்னிக்குத்தான் பத்திரம்னா என்னன்னு எனக்குத் தெரிஞ்சுது" என்றார். அவர் வீட்டின் மூலப்பத்திரத்திலே அவரே கையெழுத்திட்டு ஆண்டுகள் பல ஆயின!

இளைஞர்களே! எழுத்தறியாத உழவரும் உழைப்பாளரும் அமர்ந்திருக்க, தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் படிப்பகத்திலும் ஒருவர் ஏடு விரித்து உரக்கப் படிக்க, பலர் கேட்டுத் தெளிந்ததன்றோ இந்நாட்டிலே அறிவு பரவிய வரலாறு? அந்தப் பணி முடிந்துவிட்டதென்று யார் சொன்னது? ஏடு மாறியிருக்கிறது; கேட்பவர் இருக்கிறார். உங்கள் தெருவிலே ஒரு தாய், ஒரு தந்தை, நாளை அம்பத்தூருக்கோ ஆவடிக்கோ பூந்தமல்லிக்கோ பத்திரம் முடிக்கப் புறப்படுவார். உடன் செல்லுங்கள். தாளை வாங்குங்கள். உரக்கப் படியுங்கள். புரியும் தமிழிலே சொல்லுங்கள். பின்பு தாளை மூடிவைத்து, அவரைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

அவர் சொல்லி முடித்த பிறகு எழுதுகோலைக் கொடுங்கள். அதற்கு முன்னர் வேண்டாம்.